ரூட்டரின் ஆயுளை யார் முடிவுசெய்வது?

இந்தியாவின் முதல் வைஃபை நகரம் என்ற பெயர் 2004இல் மைசூருக்குக் கிடைத்தது. வைஃபைநெட் என்ற நிறுவனம் நகரம் முழுவதற்கும் சுற்றியுள்ள சில கிராமங்களுக்கும் கம்பியில்லா இணைய இணைப்பைக் கொண்டுசென்றது. இன்று குவெம்புநகரிலும் கோகுலத்திலும் தெருவுக்குத் தெரு கம்பங்களில் ஃபைபர் சுருள் தொங்குகிறது. வீட்டுக்கு வீடு ஒரு ரூட்டர் இருக்கிறது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரின் அலுவலகம், பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு, பெரியவர்களின் வங்கிக் கணக்கு, வாசல் கேமரா எல்லாமே அந்த ஒரு பெட்டி வழியாகத்தான் வந்துபோகின்றன. அதை வாங்கும்போது நம்மில் பெரும்பாலோர் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. தயாரித்த நிறுவனம் நாளை இதைக் கைவிட்டுவிட்டால், வேறு ஃபர்ம்வேரை ஏற்றி இதைத் தொடர்ந்து பயன்படுத்த முடியுமா?

முடியும் என்று தெரிந்த ரூட்டரைத்தான் வாங்க வேண்டும் என்பது என் வாதம். கணினியில் ஆர்வம் உள்ளவர்களின் பொழுதுபோக்காக மட்டும் இதைப் பார்ப்பது தவறு. காசு கொடுத்து வாங்கிய பொருளின் ஆயுளை முடிவுசெய்யும் உரிமை யாருக்கு என்பதும், வீட்டின் பாதுகாப்பு யார் கையில் இருக்கிறது என்பதும் இதற்குள் அடங்கியிருக்கின்றன.

பலகை உழைக்கிறது, மென்பொருள் சாகிறது

ரூட்டர் என்பது ஒரு சிறிய கணினி. செயலி, ரேம், ஃபிளாஷ் நினைவகம், இவற்றோடு ஒரு ரேடியோ. இவை அனைத்தையும் இயக்கும் மென்பொருளுக்குத்தான் ஃபர்ம்வேர் என்று பெயர். வீட்டு ரூட்டர்கள் பலவற்றில் அது லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. வெப்பத்தையும் மின்னழுத்த ஏற்ற இறக்கத்தையும் தாங்கிவிட்டால் ரூட்டரின் பலகை பத்து ஆண்டுகூட உழைக்கும். முதலில் பழுதாவது பெரும்பாலும் அடாப்டர்தான். அதை மாற்றினால் வேலை முடிந்தது. ஃபர்ம்வேரின் கதை வேறு. புது மாடல் சந்தைக்கு வந்ததும் பழையதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் குறைந்து, பிறகு நின்றே போகின்றன. அதன் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஒவ்வொரு ஓட்டையும் அந்த ரூட்டரில் திறந்தே கிடக்கும். விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருப்பதால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது.

இது கற்பனைப் பயம் இல்லை. 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் ரூட்டர்களையும் தேடிப் பிடித்துத் தன் படையில் சேர்த்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அந்தப் படை டைன் என்ற இணைய முகவரிச் சேவை நிறுவனத்தைத் தாக்கியபோது, ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பல மணி நேரம் பலருக்குக் கிடைக்கவில்லை. 2018இல் வெளிச்சத்துக்கு வந்த விபிஎன்ஃபில்டர், 54 நாடுகளில் ஏறத்தாழ 5 லட்சம் ரூட்டர்களுக்கும் சேமிப்புப் பெட்டிகளுக்கும் பரவியிருந்தது. ரூட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ பொதுமக்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. 2025 மே மாதம் அதே எஃப்பிஐ இன்னொரு எச்சரிக்கை விடுத்தது. ஆதரவு நிறுத்தப்பட்ட பழைய ரூட்டர்களைக் கைப்பற்றும் குற்றவாளிகள், அந்த வீடுகளின் இணைய முகவரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் வசதியை மற்றவர்களுக்கு விற்கிறார்கள் என்றது அது. ஒரு வீட்டின் முகவரியில் இருந்து வேறு யாரோ மோசடி செய்தால், போலீஸ் முதலில் வந்து நிற்பது அந்த வீட்டு வாசலில்தான்.

இதற்கு நிறுவனங்கள் சொல்லும் தீர்வு ஒன்றே ஒன்று: புதிதாக வாங்குங்கள். நன்றாக ஓடும் பலகையைக் குப்பையில் போட்டு, சில ஆண்டுகளில் அதேபோலக் கைவிடப்படப்போகும் இன்னொன்றை வாங்க வேண்டும். இரண்டாவது தீர்வு ஒன்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகவே இருக்கிறது.

54ஜி திறந்துவிட்ட கதவு

2002 இறுதியில் லிங்க்சிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்ற நீலமும் கறுப்புமான ரூட்டரைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு சிஸ்கோ அந்த நிறுவனத்தையே வாங்கியது. ரூட்டருக்குள் இருப்பது லினக்ஸ் என்பதை 2003இல் நிரலாளர்கள் கண்டுபிடித்தார்கள். லினக்ஸ் ஜிபிஎல் உரிமத்தின் கீழ் வருவது. அதை வைத்துப் பொருள் செய்து விற்பவர், அதன் மூல நிரலை வாங்கியவருக்குக் கொடுத்தாக வேண்டும். கேள்விகள் வலுத்ததும் அந்த ஆண்டிலேயே மூல நிரல் வெளியிடப்பட்டது. அதை அடித்தளமாகக் கொண்டு 2004இல் ஓப்பன் டபிள்யூஆர்டி என்ற மாற்று ஃபர்ம்வேர் திட்டம் தொடங்கியது. டிடி-டபிள்யூஆர்டி, டொமேட்டோ ஆகியவையும் அதே ரூட்டரைச் சுற்றி வளர்ந்தவைதான். இன்று ஓப்பன் டபிள்யூஆர்டி நூற்றுக்கணக்கான மாடல்களில் ஓடுகிறது. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் அதற்குத் திருத்தங்கள் எழுதுகிறார்கள்.

அந்தக் கதையின் அடுத்த அத்தியாயத்தையும் சொல்ல வேண்டும். 2005இல் வந்த 54ஜியின் 5ஆம் பதிப்பில் லினக்ஸ் போய் விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற மூடிய இயங்குதளம் வந்தது. ரேம் 16 மெகாபைட்டிலிருந்து 8 ஆகவும், ஃபிளாஷ் 4 மெகாபைட்டிலிருந்து 2 ஆகவும் குறைந்தன. வெளிப்பெட்டியும் பெயரும் மாறவில்லை. பழைய வன்பொருளைத் தேடி வாங்குபவர்கள் இருப்பதைக் கண்ட நிறுவனம், அதையே 54ஜிஎல் என்ற தனிப் பெயரில் விற்றது. அந்த மாடல் பல ஆண்டுகள் விற்றுக்கொண்டே இருந்தது. திறந்த ரூட்டருக்குச் சந்தை இல்லை என்று சொல்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் வேண்டியதில்லை.

இந்தியாவிலும் இந்தக் கதவு வழியாக ஒரு நல்ல காரியம் நடந்தது. 2005 ஜனவரியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத் திறந்தவெளியிலும் உரிமம் இன்றிப் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு அறிவித்தது. அதைத் தொடர்ந்து இமயமலை அடிவாரத்தில் உள்ள தர்மசாலாவில் திபெத்திய அகதிகளின் பள்ளிகளையும் அலுவலகங்களையும் இணைக்கும், ரூட்டர்கள் ஒன்றுக்கொன்று தகவலைக் கடத்தும் மெஷ் வலையமைப்பு உருவானது. விலை குறைந்த வீட்டு ரூட்டர்களில் ஃபர்ம்வேரை மாற்றி, மழை புகாத பெட்டிக்குள் வைத்துக் கம்பங்களில் ஏற்றினார்கள். ஏர்ஜல்தி என்ற அமைப்பு அதிலிருந்து வளர்ந்ததுதான். கர்நாடகத்திலும் துமகூரு அருகே தேவராயனதுர்காவில் ஜனஸ்து என்ற அமைப்பு, ஊர் மக்களே நடத்தும் வைஃபை மெஷ்ஷுக்காக உழைத்துவருகிறது. ஃபர்ம்வேரை மாற்ற முடியாத ரூட்டரை வைத்துக்கொண்டு இவற்றில் எதையும் செய்திருக்க முடியாது.

ஸ்டிக்கரைப் படியுங்கள்

மைசூரின் தேவராஜ் அர்ஸ் சாலையிலோ சயாஜி ராவ் சாலையிலோ ஒரு கடைக்குப் போய் ரூட்டர் கேட்டால், கடைக்காரர் கேட்பது எத்தனை அறை, எத்தனை ஃபோன், எத்தனை எம்பி பிளான் என்பதுதான். அட்டைப் பெட்டியின் முகப்பில் எத்தனை ஆன்டெனா, எவ்வளவு வேகம் என்பது பெரிய எழுத்தில் இருக்கும். நமக்கு வேண்டிய தகவல் பெட்டியின் பக்கவாட்டிலோ ரூட்டரின் அடியிலோ ஒட்டியிருக்கும் சிறு ஸ்டிக்கரில், பட்டைக்குறியீட்டின் பக்கத்தில் இருக்கிறது. மாடல் எண்ணும் அதை அடுத்து வரும் பதிப்பு எண்ணும்தான் அவை.

பதிப்பு எண் ஏன் முக்கியம்? இந்திய வீடுகளில் மிகப் பரவலாக இருக்கும் டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஆர்841என் மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 13ஆம் பதிப்பில் 8 மெகாபைட் ஃபிளாஷும் 64 மெகாபைட் ரேமும் இருந்தன. அடுத்து வந்த 14ஆம் பதிப்பில் அவை 4 ஆகவும் 32 ஆகவும் சரிபாதியாகிவிட்டன. எண் கூடியது, உள்ளே சரக்கு குறைந்தது. ஆர்ச்சர் சி6 மாடலில் 2ஆம் பதிப்புக்குள் குவால்காம் சிப், 3ஆம் பதிப்புக்குள் மீடியாடெக் சிப். ஒன்றின் ஃபர்ம்வேரை மற்றதில் ஏற்றினால் ரூட்டர் எழுந்திருக்காது. ஆகவே, மாடல் பெயரை மட்டும் பார்த்து ஆன்லைனில் வாங்குவது ஆபத்து. எந்தப் பதிப்பு வந்து சேரும் என்பது பெட்டியைத் திறக்கும்வரை தெரியாது. கடைக்கு நேரில் போய், ஸ்டிக்கரைப் படித்து, ஓப்பன் டபிள்யூஆர்டி வெளியிட்டிருக்கும் ஆதரவுப் பட்டியலில் அதே மாடல், அதே பதிப்பு இருக்கிறதா என்று அங்கேயே ஃபோனில் ஒப்பிட்டுப் பார்த்து வாங்குவதுதான் சரியான வழி.

அடுத்துப் பார்க்க வேண்டியது நினைவகம். 4 மெகாபைட் ஃபிளாஷும் 32 மெகாபைட் ரேமும் கொண்ட ரூட்டர்களை ஓப்பன் டபிள்யூஆர்டி கைவிட்டுப் பல ஆண்டுகளாகின்றன. 8 மெகாபைட் ஃபிளாஷும் 64 மெகாபைட் ரேமும் இன்றைய நிலையில் தள்ளாட்டம்தான். புதிதாக வாங்குபவர் 16 மெகாபைட் ஃபிளாஷும் 128 மெகாபைட் ரேமும் குறைந்தபட்சம் என்று வைத்துக்கொள்ளலாம். சில ஆண்டுகள் கவலையின்றி ஓட வேண்டும் என்றால் அதற்கும் மேலே போக வேண்டும்.

மூன்றாவது, சிப். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். விலை உயர்ந்த ரூட்டர்கள் பலவற்றில் இருக்கும் பிராட்காம் சிப்புக்குப் பெரும்பாலும் திறந்த வைஃபை டிரைவர் கிடையாது. அவற்றில் ஓப்பன் டபிள்யூஆர்டி ஏறாது. ஏறினாலும் வைஃபை சரியாக வேலை செய்யாது. மீடியாடெக்கின் பல சிப்புகளுக்கும் குவால்காம்-ஏதெரோஸின் பல சிப்புகளுக்கும் லினக்ஸிலேயே திறந்த டிரைவர் இருக்கிறது. எம்டி7621 என்ற மீடியாடெக் சிப் பல ஆண்டுகளாக இந்தத் துறையின் உழைப்பாளி. இப்போது அதன் இடத்தை அதே நிறுவனத்தின் ஃபிலாஜிக் வரிசை பிடித்துவருகிறது. 2024 நவம்பரில் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி என்ற அமைப்பும் ஓப்பன் டபிள்யூஆர்டி திட்டமும் சேர்ந்து வெளியிட்ட ஓப்பன் டபிள்யூஆர்டி ஒன் என்ற ரூட்டரில் இருப்பது ஃபிலாஜிக் சிப்தான். அதில் 1 கிகாபைட் ரேம் உண்டு. ஃபர்ம்வேர் கெட்டுப்போனால் மீட்பதற்கென்று, எதிலிருந்து தொடங்குவது என்பதைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்சோடு தனி ஃபிளாஷ் ஒன்றையும் வைத்திருக்கிறார்கள். பயன்படுத்துபவர் கைவைப்பார் என்று எதிர்பார்த்தே ஒரு ரூட்டரை வடிவமைத்தால் அது எப்படி இருக்கும் என்பதற்கு இது சாட்சி.

ஆன்டெனா எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். தடித்த சுவர்கள் கொண்ட பழைய மைசூரு வீடுகளில் எட்டு ஆன்டெனா வைத்த ஒரு ரூட்டரைவிட, கேபிள் இழுத்து இரண்டு இடங்களில் வைக்கும் இரண்டு சாதாரண ரூட்டர்கள் நன்றாக வேலை செய்யும். கைவசம் உள்ள பழைய ரூட்டரில் ஓப்பன் டபிள்யூஆர்டி ஏறுமானால், அந்த இரண்டாவது ரூட்டரை வாங்கவே வேண்டியதில்லை.

ஃபைபர் பெட்டி என்னும் தடை

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் வருகிறது. ஃபைபர் இணைப்பு கொடுக்க வருபவர் ஓஎன்டி என்ற பெட்டியையும் கொண்டுவருகிறார். வீட்டில் அதை மோடம் என்கிறோம். ஒளியில் வரும் தகவலை மின்சைகையாக மாற்றுவது அதன் வேலை. ஆனால், அதே பெட்டிக்குள் ரூட்டரையும் வைஃபையையும் சேர்த்துவிடுகிறார்கள். அந்தப் பெட்டியின் நிர்வாகக் கடவுச்சொல் பல வீடுகளில் வீட்டுக்காரருக்குத் தெரியாது. இணைப்பு கொடுத்தவருக்குத் தெரியும். அதில் வேறு ஃபர்ம்வேர் ஏற்ற நினைப்பதும் வீண் வேலை. ஒளியிழைப் பகுதிக்கான மென்பொருள் மூடியது. தவறினால் இணைப்பே போய்விடும்.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஓஎன்டியை பிரிட்ஜ் முறைக்கு மாற்றித் தரும்படி கேட்கலாம். அப்போது அது ஒளியை மாற்றும் வேலையை மட்டும் செய்யும். முகவரி பெறுவது, தீச்சுவர், வைஃபை எல்லாம் நம் ரூட்டரின் பொறுப்புக்கு வந்துவிடும். இணைப்பு பிபிபிஓஇ வகை என்றால் அதன் பயனர்பெயர், கடவுச்சொல், விலான் எண் ஆகியவற்றையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். சில ஆபரேட்டர்கள் உடனே செய்து தருகிறார்கள். சிலர் "அதெல்லாம் முடியாது சார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பணம் கட்டும் முன்பே இதைக் கேட்டுவிடுவது நல்லது. கட்டிய பிறகு கேட்டால் பேரம் பேச நம்மிடம் எதுவும் இருக்காது.

ஜெர்மனியில் இது சட்டமாகவே இருக்கிறது. 2016 ஆகஸ்ட் 1 முதல், தன் விருப்பப்படி எந்த மோடத்தையும் ரூட்டரையும் வைத்துக்கொள்ளும் உரிமை அங்குள்ள வாடிக்கையாளருக்கு உண்டு. தேவையான விவரங்களை இணைப்பு நிறுவனம் கேட்காமலே கொடுக்க வேண்டும். நம் ஊரில் அது ஆபரேட்டரின் நல்ல மனதைப் பொறுத்ததாக இருக்கிறது.

கைமேல் கிடைக்கும் பலன்

ஃபர்ம்வேரை மாற்றினால் பாதுகாப்பைத் தவிர வேறென்ன கிடைக்கும்? ஒரே ஓர் உதாரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். வீட்டில் ஒருவர் வீடியோ அழைப்பில் இருக்கிறார். இன்னொருவரின் ஃபோன் அன்று எடுத்த படங்களை கூகுளுக்கு ஏற்றத் தொடங்குகிறது. உடனே அழைப்பில் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது. முகம் உறைந்து நிற்கிறது. வேகம் போதவில்லை என்று நினைத்து அடுத்த பிளானுக்கு மாறுகிறோம். பெரும்பாலும் குறை வேகத்தில் இருப்பதில்லை. ரூட்டரும் மோடமும் அளவுக்கு மீறிய தகவலை வரிசையில் தேக்கிவைக்கின்றன. படங்களின் பெரும் மூட்டைக்குப் பின்னால் குரலின் சிறு பொட்டலம் காத்துக் கிடக்கிறது. பொறியாளர்கள் இதற்கு பஃபர்புளோட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதைத் தீர்க்கப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் டேவ் டாட். ஜிம் கெட்டிஸ் உள்ளிட்டோருடன் சேர்ந்து, ஓப்பன் டபிள்யூஆர்டியையே சோதனைக்கூடமாக வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் அவர் உழைத்தார். அந்த உழைப்பின் பலனாக வந்த எஃப்கியூ-கோடெல், கேக் ஆகிய வரிசை முறைகள் இன்று லினக்ஸிலேயே சேர்ந்துவிட்டன. ஓப்பன் டபிள்யூஆர்டியில் எஸ்கியூஎம் என்ற தொகுப்பை நிறுவி, இணைப்பின் உண்மையான வேகத்தைவிடச் சற்றுக் குறைவான எண்ணைக் கொடுத்தால் போதும். வரிசை நம் ரூட்டரின் கட்டுப்பாட்டுக்கு வருகிறது; படம் ஏறிக்கொண்டிருக்கும்போதே குரல் தெளிவாகப் போகிறது. இதற்குச் செயலியின் பலம் தேவைப்படும். எம்டி7621 போன்ற சிப் 200 மெகாபிட் அளவைத் தாண்டும்போது திணறத் தொடங்கும் என்பதால், வேகமான பிளான் வைத்திருப்பவர் அதற்கேற்ற சிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டேவ் டாட் 2025 ஏப்ரலில் காலமானார். தன் கண்டுபிடிப்பைப் பூட்டி வைத்து விற்காமல் எல்லாருக்கும் கொடுத்துவிட்டுப் போனவர் அவர். விலை குறைந்த ஒரு ரூட்டரிலும் அவருடைய உழைப்பை நாம் அனுபவிக்கலாம். அந்த ரூட்டர் திறந்ததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

விருந்தினர்களுக்குத் தனி வைஃபை, கேமராவும் டிவியும் வீட்டுக் கணினிகளை எட்டிப் பார்க்காதபடி தனி வலை, பிள்ளைகளின் சாதனங்களுக்கு நேரக் கட்டுப்பாடு, விளம்பரத் தடுப்பு, அலுவலக விபிஎன் என்று இன்னும் பல உண்டு. இவை எதற்கும் சந்தா இல்லை.

தவறுகளும் பொறுப்பும்

ஆபத்துகளை மறைக்கக் கூடாது. ஃபர்ம்வேரை மாற்றினால் உத்தரவாதத்தைக் கடைக்காரர் மறுக்கலாம். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் ரூட்டர் எழாமல் போகலாம். யுபிஎஸ் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். தொழிற்சாலை ஃபர்ம்வேரிலிருந்து மாறுவதற்கு ஒரு கோப்பு, பின்னாளில் புதுப்பிப்பதற்கு இன்னொரு கோப்பு. இரண்டையும் மாற்றிவிடக் கூடாது. ரேடியோவின் அளவீட்டுத் தகவல்கள் இருக்கும் ஃபிளாஷ் பகுதியை முதல் வேலையாக நகல் எடுத்துவைக்க வேண்டும். அது அழிந்தால் அந்த ஒரு பலகைக்கென்று எழுதப்பட்டதை வேறு எங்கிருந்தும் கொண்டுவர முடியாது. நிறுவிய பிறகு வைஃபை தானாக வரவில்லையே என்று பதற வேண்டாம். பெரும்பாலான மாடல்களில் அது அணைந்தேதான் இருக்கும். கேபிளைச் செருகி 192.168.1.1 என்ற முகவரிக்குப் போய், முதலில் கடவுச்சொல் வைத்து, பிறகு வைஃபையை இயக்க வேண்டும்.

எழாமல் போன ரூட்டரும் பெரும்பாலும் மீளும். டிபி-லிங்க் மாடல்கள் பலவற்றில் மடிக்கணினிக்கு 192.168.0.66 என்ற முகவரி கொடுத்து, டிஎஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் சர்வரை ஓடவிட்டு, ரீசெட் பொத்தானை அழுத்தியபடி மின்சாரம் கொடுத்தால், ரூட்டர் தானே வந்து மீட்புக் கோப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். எந்த மாடலுக்கு இப்படியொரு மீட்பு வழி இருக்கிறதோ அதையே முதல் ரூட்டராகத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம்.

இதைவிடப் பெரிய பொறுப்பு அலைவரிசை பற்றியது. திறந்த ஃபர்ம்வேரை எதிர்ப்பவர்கள் வைக்கும் வலுவான வாதம், பயன்படுத்துபவர் ரேடியோவின் சக்தியைக் கூட்டி மற்றவர்களுக்கு இடைஞ்சல் செய்வார் என்பதுதான். இந்த விவாதத்தில் மைசூருக்குச் சொல்ல ஒரு வரலாறு இருக்கிறது. மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம்.வி.கோபாலசுவாமி, 1935 செப்டம்பர் 10 அன்று தன் வீடான விட்டல் விஹாரிலிருந்து வானொலி ஒலிபரப்பைத் தொடங்கினார். கையில் இருந்தது 30 வாட் டிரான்ஸ்மிட்டர். ஆகாஷ்வாணி என்ற பெயர் அந்த நிலையத்துக்குத்தான் முதலில் வைக்கப்பட்டது. பின்னாளில் தேசிய வானொலியே அதை எடுத்துக்கொண்டது. அவர் வானொலி நிறுவனம் நடத்தியவர் இல்லை, வானொலிப் பொறியாளரும் இல்லை. உரிய அழைப்புக் குறியோடு, விதிகளுக்கு உட்பட்டு, தன் வீட்டிலிருந்து ஒலிபரப்பிய ஒரு குடிமகன். குடிமக்களின் கைக்கு அலைவரிசை போனால் குழப்பம்தான் மிஞ்சும் என்று அன்று கதவைச் சாத்தியிருந்தால், அந்தப் பெயரே நமக்குக் கிடைத்திருக்காது.

விதியும் சுதந்திரமும் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்கு அண்மைக் காலச் சான்றும் உண்டு. சக்தி வரம்பை மீற வழிவிட்ட ரூட்டர்களை விற்றதற்காக 2016இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்துக்கு டிபி-லிங்க் 2 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதே உடன்பாட்டில், விதிகளுக்கு உட்பட்ட பிறர் ஃபர்ம்வேரைத் தன் ரூட்டர்களில் அனுமதிக்கும் வழியைத் தேடுவதாகவும் அது ஏற்றுக்கொண்டது. ரேடியோவின் சக்தியைக் கட்டுப்படுத்துவது வேறு, ரூட்டரையே பூட்டுவது வேறு என்பதை ஒழுங்குமுறை ஆணையமே ஒப்புக்கொண்டதாகத்தான் இதைப் படிக்க வேண்டும். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு 4 வாட் என்ற கதிர்வீச்சு வரம்பு இருக்கிறது; 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் 2018 அக்டோபர் முதல் தாராளமாகத் திறந்துவிடப்பட்டிருக்கிறது. ஃபர்ம்வேரை மாற்றுபவர் நாட்டுக் குறியீட்டில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்து, அதோடு நிற்க வேண்டும். அதிக எல்லைக்கு ஆசைப்பட்டு வேறு நாட்டைத் தேர்ந்தெடுப்பவர், இந்தச் சுதந்திரத்துக்காகப் பேசும் எல்லாருடைய வாதத்தையும் பலவீனப்படுத்துகிறார்.

அரசு செய்ய வேண்டியவை

பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல், எத்தனை காலத்துக்குப் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும் என்பதை ரூட்டர் போன்ற சாதனங்களின் நிறுவனங்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். எளிதில் ஊகிக்கக்கூடிய பொதுக் கடவுச்சொல்லோடு விற்கவும் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் தாங்குதிறன் சட்டம் 2027 டிசம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது, பொதுவாகக் குறைந்தது ஐந்து ஆண்டு ஆதரவு கட்டாயமாகும். இந்தியாவிலும் ரூட்டர்களுக்குக் கட்டாயப் பரிசோதனை இருக்கிறது. வைஃபை சாதனங்களுக்குப் பாதுகாப்புத் தரவிதிகளை வகுக்கும் தேசியத் தகவல்தொடர்புப் பாதுகாப்பு மையம் பெங்களூரில்தான் இயங்குகிறது. பழுதுபார்க்கும் உரிமைக்காக நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் ஒரு குழுவை அமைத்தது. மின்னணுச் சாதனங்களும் அதன் வரம்புக்குள் வந்தன. அமைப்புகள் எல்லாம் இருக்கின்றன. ரூட்டர் வாங்கும் குடும்பத்துக்கு அவற்றின் பலன் இன்னும் வந்து சேரவில்லை.

வேண்டியவை மூன்று. சிப், ஃபிளாஷ், ரேம், பதிப்பு எண், ஆதரவு முடியும் மாதம் ஆகியவற்றை அட்டைப் பெட்டியின் முகப்பிலேயே அச்சிட வேண்டும். ஆதரவு முடிந்த மாடலின் ஃபர்ம்வேர் பூட்டை நிறுவனமே திறந்துவிட வேண்டும். தான் கைவிட்டதைப் பிறர் காப்பாற்றுவதைத் தடுக்கும் உரிமை அதற்கு இல்லை. மூன்றாவதாக, பிரிட்ஜ் முறையையும் இணைப்பு விவரங்களையும் வாடிக்கையாளர் கேட்டால் கொடுப்பது இணைய நிறுவனங்களின் கடமையாக்கப்பட வேண்டும். மூன்றுமே நிறுவனங்களுக்குப் பெரிய செலவு வைப்பவை அல்ல.

சட்டம் வரும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. மைசூரில் 1946இல் தொடங்கிய தேசியப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. 1963இல் தொடங்கிய எஸ்ஜேசிஇ பொறியியல் கல்லூரி இருக்கிறது. பாலிடெக்னிக்குகளும் ஐடிஐக்களும் இருக்கின்றன. மக்கள் ஒதுக்கிவைத்த ரூட்டர்களைத் திரட்டி, ஆதரவுப் பட்டியலில் இருப்பவற்றைப் பிரித்தெடுத்து, புது ஃபர்ம்வேர் ஏற்றி, அரசுப் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் கொடுக்கும் வேலையை மாணவர்களின் செய்முறைப் பாடமாகவே வைக்கலாம். சீரியல் முனைகளில் மூன்று கம்பிகளைப் பிடித்து, செத்துப்போனதாக நினைத்த பலகை ஒவ்வொரு வரியாகத் திரையில் பேசுவதைப் பார்க்கும் மாணவர், வலையமைப்பைப் பாடப்புத்தகத்தில் படித்தவரைவிட ஆழமாகக் கற்றுக்கொள்வார். தமிழ்நாட்டில் விழுப்புரம், காஞ்சிபுரம் போன்ற ஊர்களின் லினக்ஸ் பயனர் குழுக்கள், பெருநகரத்தின் துணை இல்லாமலே இளைஞர்களுக்கு இப்படிப்பட்ட அறிவைக் கொடுக்க முடியும் என்று காட்டியிருக்கின்றன. மைசூரு கல்லூரிகள் இதைத் தொடங்கப் புதுச் சட்டமோ தனி நிதியோ தேவையில்லை. ஒரு துறைத் தலைவரின் கையெழுத்து போதும்.